பானமும் பல்லும்

தலைநகரின் வேனிற்காலம் எத்தகையது என்பதை நம் சங்கத்து நண்பர்கட்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மே, சூன் திங்கள்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது, வகுப்பறையிலிருந்து விடுதிக்கு நடந்து வருவதற்குள் நா வறண்டுவிடுகிறது. வழியெங்கும் வண்டிகள் நிற்கின்றன. நம் ஊரில் கோலி சோடா என்று நாம் அறிந்த புட்டி, இங்கே 'பண்ட்டா' என்னும் பெயர் பூண்டு, எலுமிச்சைச் சாறும் கறுப்புப்பும் சேர்ந்து விற்பனையாகிறது. கண்ணாடிக் குண்டால் வாயடைக்கும் அப்புட்டி, 1870-களில் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த முறை. வடக்கே வந்தாலும் தெற்கே சென்றாலும் அதன் ஒலி ஒன்றே. அதனருகில் சிக்கஞ்சி, ஜல்ஜீரா, இனிப்பு லஸ்ஸி. கடைக்குள் நுழைந்தாலோ குளிர்ப்பெட்டியில் கோலாக்கள், பழச்சாறுகள், தேர்வுக் காலத்தில் நண்பர்கள் தேடிச் செல்லும் ஊக்க பானங்கள் ஆகியவை வரிசையாக நிற்கின்றன.

இவற்றைக் குடிக்கலாமா, கூடாதா என்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பானம் தொண்டையைக் கடந்ததும் அதன் கதை முடிந்தது என நாம் எண்ணுகிறோம். உண்மையில் வாய்க்குள் அதன் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அவ்வேலை யாது, எவ்வளவு நேரம் நடைபெறுகிறது, அதனைத் தடுப்பது எங்ஙனம் என்பவற்றை வேதியியல் கண்கொண்டு காண்பதே நம் நோக்கம். இதை இப்போது அறிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. பால் பற்களை இழந்தபோது இயற்கை நமக்கு மற்றொரு வரிசையைத் தந்தது. இப்போது நம் வாயில் இருப்பது அந்த இரண்டாம் வரிசை. மூன்றாவது ஒன்று வரப்போவதில்லை.

பல்லின் கட்டடம்

பல்லின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருப்பது எனாமல். தமிழில் பற்சிப்பி என்பர். மனித உடலில் இதனினும் கடினமான பொருள் வேறில்லை. எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 96 பங்கு கனிமப் பொருளே. அக்கனிமத்தின் பெயர் ஹைட்ராக்சி அபட்டைட். பத்துக் கால்சியம், ஆறு பாஸ்பேட், இரண்டு ஹைட்ராக்சில் என்னும் கணக்கில் அதன் படிகங்கள் அமைந்துள்ளன. சிப்பிக்கு உட்புறம் இருப்பது டென்டின் என்னும் பற்றிசு. இதில் கனிமம் நூற்றுக்கு 70 பங்கு அளவே. எஞ்சியவை புரதப் பொருளும் நீரும். இதனூடே நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. நடுவில் இருப்பது நரம்பும் குருதி நாளங்களும் நிறைந்த பற்கூழ்.

இவ்வமைப்பில் இரண்டு செய்திகளை நினைவில் இருத்த வேண்டும். முதலாவது, சிப்பியை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் முளைத்து வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் வளரும். சிப்பி கரைந்து குழி விழுந்தால் அதை மீண்டும் கட்ட அங்கே கொத்தன் இல்லை. இரண்டாவது, சிப்பியில் நரம்பு இல்லை. ஆகவே அது கரையும்போது வலிப்பதில்லை. வலி தோன்றுகிறது எனின், சேதம் பற்றிசைத் தொட்டுவிட்டது என்றே பொருள். பல்வலியை முதல் அறிகுறி என்று கருதுவோர் பலர். அது பெரும்பாலும் பிந்தி வரும் அறிகுறியே.

பூச்சியா, நுண்ணுயிரா?

சொத்தை விழுந்த பல்லைப் 'பூச்சிப் பல்' என்று சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. பல்லைப் புழு அரிக்கிறது என்னும் இவ்வெண்ணம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. பழைய பாபிலோனிய மக்களிடமும் இருந்தது. 1728-இல் பல் மருத்துவம் பற்றிப் பெருநூல் இயற்றிய பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார், புழுக் கொள்கையை மறுத்ததோடு இனிப்புப் பண்டங்கள் பல்லுக்குத் தீங்கு என்றும் எச்சரித்தார்.

உண்மைக் காரணத்தை ஆய்வுக்குழாயில் காட்டியவர், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான மில்லர். அவர் பிடுங்கிய பற்களை உமிழ்நீரில் இட்டு, அதனுடன் ரொட்டியோ சர்க்கரையோ சேர்த்து வைத்தார். உமிழ்நீரில் இருந்த நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்து அமிலம் உண்டாக்கின. பல்லின் கனிமம் கரைந்தது. உமிழ்நீரைக் கொதிக்க வைத்து நுண்ணுயிர்களைக் கொன்றபின் அதே சோதனையைச் செய்தால் பல் கரையவில்லை. மாவும் சர்க்கரையும் இன்றிக் கொழுப்பு மட்டும் இட்டாலும் கரையவில்லை. ஆக, நுண்ணுயிர் மட்டும் போதாது. சர்க்கரை மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் அமிலமே குற்றவாளி என்பது புலனாயிற்று. 1890-இல் அவர் இதனை நூலாக வெளியிட்டார். 1924-இல் கிளார்க் என்னும் பிரிட்டானியர், சொத்தைப் பற்களிலிருந்து ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்.

இந்நுண்ணுயிர்க்கு நம் சாதாரணச் சர்க்கரையின்பால் தனிப் பற்று உண்டு. அச்சர்க்கரையிலிருந்து அது அமிலத்தை மட்டுமன்றி, பசை போன்ற ஒரு பொருளையும் செய்கிறது. அப்பசையால் நுண்ணுயிர்கள் பல்லின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டு, உள்ளே உண்டாகும் அமிலம் வெளியே கழுவப்படாதவாறு பூட்டி வைக்கின்றன. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இதற்கு விலக்கல்ல. நிறம் பழுப்பானாலும் அவற்றின் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். 'கருப்பட்டிக் காப்பி உடம்புக்கு நல்லது' என்று ஊரில் பெரியவர்கள் கூறுவார்கள். பல்லிடம் அவ்வாதம் செல்லாது.

அமிலத்தின் அளவுகோல்

ஒரு பானம் எவ்வளவு புளிப்பு என்பதை நாவால் அளப்பது நம்பத்தக்கதன்று; சர்க்கரை புளிப்பை மறைத்துவிடும். வேதியியலார் பி.எச். எண்ணால் அளக்கின்றனர். 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் மிகும். ஒவ்வோர் எண் குறைவுக்கும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு பெருகுகிறது என்பதை மறத்தலாகாது.

வாயில் பி.எச். எண் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே சென்றால் சிப்பி கரையத் தொடங்குகிறது. பற்றிசும், ஈறு விலகியதால் வெளிப்பட்ட பல்லின் வேரும் இன்னும் எளியவை. 6-ஐத் தாண்டிய நிலையிலேயே அவை கரையத் தொடங்கும். இப்போது நாம் அருந்துபவற்றை ஏறத்தாழ வரிசைப்படுத்திப் பார்ப்போம்:

எலுமிச்சைச் சாறு: 2 முதல் 2.5 வரை
கோலா வகைகள்: 2.5-ஐ ஒட்டி
ஊக்க பானங்கள்: 3-ஐ ஒட்டி
ஆரஞ்சுச் சாறு: 3.5 முதல் 4 வரை
தயிர்: 4 முதல் 4.5 வரை
பால்: 6.5 முதல் 6.8 வரை
தூய நீர்: 7

கோலாவின் 2.5-க்கும் சிப்பியின் எல்லையாகிய 5.5-க்கும் இடையே மூன்று எண்களே வேறுபாடு. ஆனால் மூன்று எண்கள் எனின், ஹைட்ரஜன் அயனிகள் ஆயிரம் மடங்கு என்று பொருள். கோலாவுக்கு இப்புளிப்பைத் தருவது முக்கியமாகப் பாஸ்பாரிக் அமிலம். எலுமிச்சை, ஆரஞ்சு பானங்களில் இருப்பது சிட்ரிக் அமிலம். இது கால்சியத்தைப் பற்றியிழுக்கும் தன்மையும் உடையது. ஆதலால் இருமுனைத் தாக்குதல் நிகழ்த்துகிறது. சோடாவில் பொங்கும் வாயுவால் உண்டாவது கார்பானிக் அமிலம். அது வலிவற்றது. சர்க்கரையும் புளிப்பும் சேராத வெறும் சோடாவால் பல்லுக்குப் பெரிய கேடு இல்லை.

எலுமிச்சைச் சாற்றில் நிறைய நீர் கலந்துவிட்டால் தீருமே என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. சிட்ரிக் அமிலம் முற்றும் பிரியாத மெல்லமிலம் ஆகையால், பத்து மடங்கு நீர் கலந்தாலும் பி.எச். எண் ஏறத்தாழ அரை அளவே உயரும். எல்லைக்குக் கீழேதான் நிற்கும். ஆயினும் ஒரு மிடற்றில் உள்ள அமிலத்தின் மொத்த அளவு பத்தில் ஒன்றாகிவிடுகிறது. அதனை உமிழ்நீர் விரைவில் வென்றுவிடும். எனவே நீர் கலப்பது வீணன்று.

அரிப்பு வேறு, சொத்தை வேறு

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். பானத்தில் உள்ள அமிலமே நேராகச் சிப்பியைக் கரைப்பது அமில அரிப்பு. இதற்கு நுண்ணுயிர் வேண்டியதில்லை. பல்லின் பரப்பு முழுவதும் மெல்ல மெலிந்து, மினுமினுப்பாகி, முனைகள் கண்ணாடிபோல் தோன்றும்; குளிர்ந்த நீர் பட்டால் கூசும். பானத்தில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் அமிலமாக்கிப் படலத்தின் அடியில் குழி பறிப்பது சொத்தை. இது பல்லிடுக்கு, கடைவாய்ப் பள்ளம் போன்ற ஒதுக்கிடங்களில் தொடங்கும்.

இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் பல ஐயங்கள் நீங்கும். சர்க்கரை இல்லாத 'டயட்' கோலா சொத்தையை வளர்க்காது. ஆனால் அரிப்பைத் தடுக்காது, அதன் அமிலம் குறையவில்லை அன்றோ? உப்பிட்ட எலுமிச்சைச் சோடாவும் அத்தகையதே. மாறாக, சர்க்கரை இட்ட பால் தேநீரில் அமிலம் மிகக் குறைவு. அதனால் அரிப்பு இல்லை. ஆனால் சர்க்கரை சொத்தைக்கு வழி கோலும். இனிப்பும் புளிப்பும் ஒருங்கே கொண்ட கோலா, ஊக்க பானம், இனிப்பிட்ட பழச்சாறு ஆகியவை இரு வழியிலும் கெடுக்கின்றன.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் களைய வேண்டும். கோலாவில் ஒரு பல்லை இரவில் போட்டு வைத்தால் காலையில் மறைந்துவிடும் என்று விடுதிகளில் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அது உண்மையன்று. பல் மறையாது, ஆனால் அதன் மேற்பரப்பு மெதுப்படும், கனிமத்தை இழக்கும். மிகைப்படக் கூறிய கதை பொய்யென்று தெரிந்ததும், மெய்யான தீங்கையும் பொய்யென்று தள்ளிவிடுவது மனித இயல்பு. அவ்வாறு தள்ளாதிருப்போமாக.

உமிழ்நீர் என்னும் காவலன்

இவ்வளவு பகை இருந்தும் நம் பற்கள் நிற்கின்றனவே, எப்படி? உமிழ்நீரே காரணம். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை அது சுரக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை நடுநிலைப்படுத்துகிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து நிற்பதால், இழந்த கனிமத்தைச் சிப்பிக்குத் திரும்பத் தருகிறது. ஆக, பல்லின் மேற்பரப்பில் ஒவ்வொரு நாளும் கரைதலும் படிதலுமாக வரவு செலவு நடந்துகொண்டே இருக்கிறது. தொடக்க நிலைச் சொத்தை ஒரு வெண்புள்ளியாகத் தோன்றும். அந்நிலையில் வரவு மிகுந்தால் அது ஆறிவிடும். செலவே மிகுந்தால் மேற்பரப்பு இடிந்து குழியாகும். குழியான பின் மருத்துவர் அடைத்தாலன்றி வழியில்லை.

1940-களில் ஸ்டீபன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இக்கணக்கை நேரில் அளந்தார். சர்க்கரை நீரால் வாயைக் கொப்பளித்ததும், பற்படலத்தின் பி.எச். எண் சில நிமிடங்களிலேயே எல்லைக்குக் கீழே விழுந்தது. அது மீண்டும் பழைய நிலைக்கு ஏற 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆயிற்று. இக்கால அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் வீழ்ச்சி விரைவு, மீட்சி மெதுவு என்பது எல்லார்க்கும் பொது.

காவலன் உறங்கும் நேரமும் உண்டு. நாம் தூங்கும்போது உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வெயிலில் அலைந்து உடல் நீர் வற்றிய போதும் அது குறைகிறது. வாய் வறண்டிருக்கும் அந்நேரம் பார்த்து நாம் குடிப்பது புளிப்பும் இனிப்புமான பானம். காவல் குறைந்த வீட்டிற்குக் கள்வனை அழைப்பது போன்றது இது. இதற்கு மருந்து எளிது: முதலில் ஒரு குவளைத் தண்ணீர், பிறகு வேண்டுமானால் பானம்.

எவ்வளவு என்பதா, எத்தனை முறை என்பதா?

300 மில்லி லிட்டர் கோலாவில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. அஃதாவது எட்டுத் தேக்கரண்டி. நாம் உண்ணும் ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்குக் குறைவாகவே சேர்க்கைச் சர்க்கரையும் பழச்சாற்றுச் சர்க்கரையும் இருத்தல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வரையறுத்தது. ஐந்து பங்கிற்குள் அடக்கினால் இன்னும் நன்று என்றும் கூறியது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்குப் பத்துப் பங்கு என்பது 50 கிராம். ஐந்து பங்கு என்பது 25 கிராம். ஒரு புட்டியே இரண்டாவது எல்லையைத் தாண்டிவிடுகிறது.

ஆனால் பல்லைப் பொறுத்தவரை, அளவைவிட முறையே பெரிது. ஸ்டீபன் கண்ட கணக்கை இரு மாணவர்க்குப் பொருத்திப் பார்ப்போம். ஒருவர் மதிய உணவோடு ஒரு புட்டிக் கோலாவை ஐந்து நிமிடத்தில் குடித்துவிடுகிறார். அவருடைய பல் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அமிலத்தில் இருக்கிறது. மற்றவர் அதே புட்டியை மேசைமேல் வைத்து, இரவு 10 மணி முதல் 1 மணி வரை படித்துக்கொண்டே மிடறு மிடறாகக் குடிக்கிறார். ஒவ்வொரு மிடறும், ஏறத் தொடங்கிய பி.எச். எண்ணை மீண்டும் கீழே தள்ளுகிறது. மூன்று மணி நேரமும் அமிலம். அதன்பின் அப்படியே உறங்கச் சென்றால், உமிழ்நீர் இன்றி மேலும் பல நேரம். இருவரும் குடித்த சர்க்கரை ஒன்றே. பல் செலுத்திய விலை ஒன்றன்று.

இதே உண்மையை ஸ்வீடன் நாட்டில் 1945-இல் தொடங்கிய விபேஹோம் ஆய்வும் காட்டியது. உணவோடு சர்க்கரை நீர் பெற்றவர்களிடம் சொத்தை சிறிதளவே மிகுந்தது. உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களிடம் அது பன்மடங்கு பெருகியது. ஆனால் அவ்வாய்வுக்கு உட்பட்டோர், மனவளர்ச்சி குன்றியோர்க்கான விடுதியில் இருந்தவர்கள். அவர்களுடைய இசைவு பெறப்படவில்லை. அவர்களுடைய பற்கள் அறிந்தே கெடுக்கப்பட்டன. அறிவியல் மாணவராகிய நாம் அவ்வாய்வின் முடிவைக் கூறும்போதெல்லாம், அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதையும் சேர்த்துக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

தயிரின் புதிர்

மேலே தந்த வரிசையைக் கவனித்தவர்கள் ஒரு வினா எழுப்பக்கூடும். தயிரின் எண் 4-ஐ ஒட்டி இருக்கிறதே. நாள்தோறும் தயிர்ச்சோறு உண்ணும் நம் இனத்தார் பற்கள் என்னாயின? விடை இதுதான். 5.5 என்பது எல்லா நீர்மத்திற்கும் பொருந்தும் மாறா எண் அன்று. சுற்றியுள்ள நீர்மத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் எவ்வளவு உண்டோ அதைப் பொறுத்து எல்லை மாறும். உப்பு நிறைந்த நீரில் மேலும் உப்பு கரையாதது போல, தயிரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால், அமிலமாக இருந்தும் சிப்பியைக் கரைக்க அதனால் இயலவில்லை. கோலாவிலோ, எலுமிச்சைச் சாற்றிலோ அத்தகைய இருப்பு இல்லை. ஆகவே சர்க்கரை இடாத தயிரும் மோரும் பல்லுக்கு நண்பர்களே. லஸ்ஸியில் கை நிறையச் சர்க்கரை அள்ளிப் போட்டவுடன் கதை மாறிவிடுகிறது.

புளோரைடின் இரு முகம்

அபட்டைட் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் புளோரைடு புகுந்தால், அப்படிகம் அமிலத்தை மேலும் தாங்குகிறது; அதன் எல்லை 4.5-ஐ ஒட்டி இறங்குகிறது. இதனால்தான் பற்பசையில் புளோரைடு சேர்க்கின்றனர். 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் புளோரைடுப் பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடிநீரில் அது மிகுந்தால் பல்லில் கறை விழும், எலும்பும் கெடும். 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில்தான் அவ்வெலும்பு நோய் இந்தியாவில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. தருமபுரி, கிருட்டிணகிரிப் பக்கத்து நண்பர்கள் அக்கறையைத் தம் ஊரில் கண்டிருக்கக்கூடும். பற்பசையால் துலக்கித் துப்பும் அளவு வேறு. ஆயுள் முழுதும் குடிக்கும் அளவு வேறு.

நாம் செய்யக் கூடியவை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பின்வரும் முறைகள் தாமே கிடைக்கின்றன.

1. தாகத்திற்குத் தண்ணீர், சுவைக்குப் பானம். இரண்டையும் குழப்பிக்கொள்ளல் ஆகாது.

2. இனிப்புப் பானத்தை உணவோடு சேர்த்துக் குடித்து முடித்துவிடுக. புத்தகத்தின் அருகே வைத்து மணிக்கணக்கில் உறிஞ்ச வேண்டா. படிக்கும் மேசைமேல் இருக்க வேண்டியது தண்ணீர்ப் புட்டியே.

3. பானத்தை வாயில் தேக்கிக் கொப்பளித்துச் சுவைக்க வேண்டா. உறிஞ்சு குழல் ஓரளவு உதவும்.

4. குடித்தபின் வெறும் நீரால் வாயைக் கொப்பளிக்கவும். புளிப்புப் பானம் குடித்த உடனே பல் துலக்குதல் நன்றன்று. மெதுப்பட்ட சிப்பி தேய்ப்பில் உதிரும். சற்று நேரம் சென்றபின் துலக்கலாம்.

5. தேநீரில் சர்க்கரையை ஒவ்வொரு வாரமும் கால் கரண்டி குறைத்து வருக. நாளுக்கு ஐந்து குவளை குடிப்பவர்க்கு அது ஐந்து தாக்குதல் என்பதை நினைவிற் கொள்க.

6. காலையும் இரவும் புளோரைடுப் பற்பசையால் துலக்குக. இரவுத் துலக்கலுக்குப் பின் தண்ணீரன்றி வேறெதுவும் வேண்டா.

7. வலி வரும்வரை காத்திராமல் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பல் மருத்துவரிடம் காட்டுக. வெண்புள்ளியாய் இருக்கும்போது கண்டால் பற்பசையோடு போகும். பற்றிசைத் தொட்டால் அடைக்க வேண்டும். பற்கூழைத் தொட்டால் வேர்ச் சிகிச்சையோ, பிடுங்குதலோதான்.

வீட்டை விட்டு ஆயிரம் மைல் வந்திருக்கும் நமக்கு இவ்விறுதிச் செய்தி மிகவும் பொருந்தும். ஊரில் இருந்தால், 'ராத்திரி பல் தேய்ச்சியா?' என்று கேட்க அம்மா இருப்பார். விடுதியில் கேட்பார் இல்லை. உதவித் தொகையில் காலம் தள்ளும் மாணவர்க்கு ஒரு வேர்ச் சிகிச்சையின் செலவு எளிதன்று. தேர்வு வாரத்தில் வரும் பல்வலியோ அதனினும் கொடிது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிலும் முத்தமிழ் விழாவிலும் பந்தி முடிந்ததும் கலர்ப் புட்டிகள் வரிசையாக வருகின்றன. அவற்றை நிறுத்துக என்று நான் கூறவில்லை. அவற்றின் பக்கத்திலே, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நீர்மோர் ஒரு பானை வைப்போம். வடநாட்டு நண்பர்களும் விரும்பிக் குடிப்பார்கள், செலவும் குறையும், பற்களும் நம்மை வாழ்த்தும்.